வரிசையும் ஒரு நீதி

வரிசையில் நிற்பது தமிழருக்குப் புதிதன்று. நியாயவிலைக் கடையில் நிற்கிறோம். புகைவண்டி நிலையத்தில் நிற்கிறோம். திருமலைக்குச் சென்றால் வைகுண்டம் வளாகத்தில் மணிக்கணக்கில் நிற்கிறோம். நிற்பதில் கால் வலிக்கும், மனம் வலிப்பதில்லை. முன்னே நிற்பவர் நமக்கு முன்னே வந்தவர் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. இலவச தரிசனத்துக்கு எந்த வழி, 300 ரூபாய்ச் சீட்டுக்கு எந்த வழி என்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்த விதி சரியா, தவறா என்று வாதாடலாம். விதியே இல்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது.

விதியே இல்லாத இடம் ஒன்று உண்டு, தோழர்களே! கல்லூரிகள் பலவற்றின் கணினி அறைதான் அது.

பல லட்சம் ரூபாய் கொடுத்து ஒரு சர்வர் வாங்குகிறார்கள். நான்கோ எட்டோ ஜி.பி.யு. அட்டைகள் அதில் இருக்கும். ஐம்பது பேருக்குக் கடவுச்சொல் கொடுத்துவிடுகிறார்கள். அதோடு நிர்வாகத்தின் கடமை முடிந்தது! அதன்பின் அங்கே நடப்பது என்ன? முதலில் நுழைந்தவன் அட்டைகள் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறான். நள்ளிரவில் விழித்திருப்பவனுக்கு இடம் கிடைக்கிறது, உறங்கியவனுக்குக் கிடைப்பதில்லை. ஒருவன் ஏவிய நிரல் நினைவகம் முழுவதையும் விழுங்க, மூன்று நாளாக ஓடிக்கொண்டிருந்த மற்றொருவனின் நிரல் மடிந்து விழுகிறது. பிறகு வாட்ஸ்அப் குழுவில் கெஞ்சல் தொடங்குகிறது: “அண்ணா, ஓர் அட்டையை மட்டும் விட்டுத் தருவீர்களா?” அண்ணன் நல்லவராக இருந்தால் விடுவார். இல்லையென்றால்?

கேட்கத் தெரிந்தவன் பெறுகிறான். கேட்கத் தயங்குபவன் இழக்கிறான். தயங்குபவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். சிற்றூரிலிருந்து வந்த முதலாண்டு மாணவன். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பெண். ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதி உதவி கேட்கக் கூசுகிறவன். இவர்களுக்காகவே பொதுப் பணத்தில் கல்லூரி நடத்துகிறோம் என்கிறோம். இவர்களையே கடைசியில் நிறுத்துகிறோம். எனவே, பணிவரிசை மென்பொருளை நிறுவுவது பொறியாளரின் சில்லறை வேலை என்று ஒதுக்கத் தக்கதன்று. அது மாணவர் உரிமையைப் பற்றிய செய்தி என்பதே என் கருத்து.

இந்த எண்ணம் புதிதும் அன்று. 1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 வந்தது, 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 வந்தது. துளையட்டைகளில் நிரலை எழுதி ஒப்படைத்து, முறை வரும்வரை காத்திருந்து, அச்சிட்ட விடையைப் பெற்றுச் சென்ற காலம் அது. ஒரே பொறி, பல பேர். ஆகவே வரிசை தேவைப்பட்டது. பிறகு மேசைக்கு மேசை கணினி வந்தது, வரிசையை மறந்தோம். இன்று செயற்கை நுண்ணறிவுக்கு வேண்டிய விலை உயர்ந்த அட்டைகள் வந்துவிட்டன. மறுபடியும் ஒரே பொறி, பல பேர். பழைய நிலை திரும்பிவிட்டது. பழைய ஒழுங்கு மட்டும் திரும்பவில்லை.

ஆரம்பாக்கத்தைக் கடந்து தடாப் பக்கம் சென்றால் ஸ்ரீ சிட்டி. முன்பு சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டம். சென்னை மெட்ரோவில் ஓடும் பெட்டிகள் பல அங்கே ஆல்ஸ்டம் ஆலையில் உருவானவை. இசுசு வண்டிகளும் அங்கே உருவாகின்றன. மைய அரசும் ஆந்திர அரசும் தொழில்துறையும் கூடி 2013-இல் தொடங்கிய ஐ.ஐ.ஐ.டி.யும் அங்கேதான் இருக்கிறது. இப்படிப்பட்ட ஆலை எதிலாவது, எந்த வேலை எந்தப் பொறிக்கு எப்போது போகும் என்பதை உரக்கக் கத்துகிறவனா முடிவு செய்கிறான்? முன்னதாகவே வகுத்த அட்டவணை முடிவு செய்கிறது. இரும்பை வளைக்கும் பொறிக்கு இருக்கும் ஒழுங்கு, அறிவை வளர்க்கும் பொறிக்கு வேண்டாமா?

வழி இருக்கிறது, அதற்கு விலையும் இல்லை. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பிறந்து 2002-இல் வெளிவந்த ஸ்லர்ம் என்னும் மென்பொருள் கட்டற்ற உரிமம் உடையது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2022-இல் நிறுவிய பரம் பிரவேகா மீக்கணினி முதல், அமெரிக்காவின் ஃபிரான்டியர் வரை அதனிடமே வரிசையை ஒப்படைத்திருக்கிறார்கள். உபுண்டு, டெபியன் களஞ்சியங்களிலேயே அது கிடைக்கிறது. ஒரே ஒரு சர்வரிலும் அதை நிறுவலாம்.

நிறுவுவது கடினம் என்பர் சிலர். கவனம் வேண்டும், மந்திரம் ஒன்றும் வேண்டாம். கணினிகள் எல்லாவற்றின் கடிகாரமும் ஒத்திருக்க வேண்டும். பயனரின் அடையாள எண் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மஞ்ச் என்னும் அடையாளச் சோதனை நிரலின் இரகசியத் திறவுகோலை எல்லாக் கணினிகளிலும் ஒன்றாகவே வைத்து, பிறர் படிக்க முடியாதபடி காக்க வேண்டும். மஞ்ச் தரும் சான்று, மாற்றாவிட்டால், ஐந்து நிமிடங்களே செல்லும். கடிகாரம் அதற்கு மேல் பிசகினால் நல்ல பயனரையும் அது திருப்பி அனுப்பிவிடும். பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பிறகு அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு கணினியின் பெயர், கருக்கள், நினைவகம், அட்டைகள் ஆகியவற்றை எழுத வேண்டும். தலைமை நிரல் ஓரிடத்தில் வரிசையைக் காக்கும். வேலை செய்யும் கணினி ஒவ்வொன்றிலும் ஒரு துணை நிரல் அதன் ஆணையை நிறைவேற்றும். பொறுமையுள்ள மாணவர் இருவர் ஒரு வார இறுதியில் தொடங்கி முடிக்கத்தக்க பணி இது.

ஆனால் நிறுவியதோடு நீதி பிறந்துவிடாது. மூன்று இடங்களில் விழிப்பு வேண்டும்.

முதலாவது, வேலி. ஓர் அட்டை கேட்டவனுக்கு ஓர் அட்டையைத்தான் மென்பொருள் சுட்டிக்காட்டும். ஆனால் லினக்ஸின் சி-குரூப் கட்டுப்பாட்டை இயக்காவிட்டால், அவன் ஒரு சொல்லை மாற்றி மற்ற அட்டைகளையும் எடுத்துக்கொள்ளலாம். நேராக சர்வருக்குள் நுழையும் வழியைத் திறந்து வைத்தால் வரிசையைத் தாண்டியே வேலை செய்யலாம். முன்வாயிலில் காவல், பின்சுவரில் ஓட்டை! பழைய கணினி ஒன்றை நுழைவாயிலாக வைத்து, வேலை பெற்றவன் மட்டுமே உள்ளே செல்லும்படி செய்ய வேண்டும்.

இரண்டாவது, காலம். ஒவ்வொருவரும் தம் வேலை எவ்வளவு நேரம் ஓடும் என்று சொல்ல வேண்டும். இது தொல்லை என்று முணுமுணுப்பவர் உண்டு. ஓர் உதாரணம் பார்ப்போம். எட்டு அட்டைகளில் ஆறு மாலை 6 மணி வரை ஓடுகின்றன. வரிசையின் தலையில் நிற்பவருக்கு எட்டும் வேண்டும். இப்போது மணி 2. மீதி இரண்டு அட்டைகள் சும்மா கிடக்கின்றன. பின்னே நிற்கும் ஒருவர், “எனக்கு இரண்டு அட்டை, மூன்று மணி நேரம் போதும்” என்று சொல்லியிருந்தால், மென்பொருள் அவரை உடனே உள்ளே விடும். அவர் 5 மணிக்கு முடித்துவிடுவார். தலையில் நிற்பவருக்கு ஒரு நொடியும் தாமதம் இல்லை. நேரத்தை உண்மையாகச் சொன்னவருக்குப் பயன். யாருக்கும் நட்டம் இல்லை. எல்லோரும் “எவ்வளவு நேரமோ தெரியாது” என்று உச்சவரம்பையே கேட்டால் இந்த நன்மை மறைந்துபோகும்.

மூன்றாவதும் முதன்மையானதும், முன்னுரிமை. யார் முதலில்? காத்திருந்த நேரம், இதுவரை பயன்படுத்திய அளவு, வேலையின் பருமன், அதன் வகை ஆகியவற்றுக்குத் தனித்தனி மதிப்பெண் கொடுத்துக் கூட்டி மென்பொருள் முடிவு செய்யும். நேற்று நிறைய உண்டவனை இன்று சற்றுப் பின்னே நிறுத்தும். அந்தப் பழங்கணக்கும் நாளடைவில் தேயும். மாற்றாமல் விட்டால் ஏழு நாளில் பாதியாகும். இந்த வாரம் 100 மணி நேரம் பயன்படுத்தியவன் கணக்கில் அடுத்த வாரம் 50 மணி நேரமே நிற்கும். மன்னிக்கவும் தெரிந்த கணக்கு இது! ஆனால் எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று எழுதுவது யார்? மென்பொருள் அன்று, மனிதர். ஒரு கோப்பில் ஓர் எண்ணை மாற்றினால் ஓர் ஆய்வுக்குழு என்றென்றும் முன்னே நிற்கும். இளங்கலை மாணவர் என்றென்றும் பின்னே நிற்பர். முன்பு அண்ணனிடம் கெஞ்சினோம். இனி அண்ணன் எழுதிய எண்ணிடம் கெஞ்சுவோம். அப்படியானால் நாம் பெற்றது என்ன?

இங்கேதான் உத்தரமேரூர் நினைவுக்கு வருகிறது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919-லும் 921-லும், ஊர்ச்சபையின் விதிகளைக் கல்லில் வெட்டினார்கள். ஊரின் முப்பது குடும்புகளிலிருந்து குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்தார்கள். நீரைக் காக்க ஏரி வாரியம் இருந்தது. பதவிக் காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினருக்கும் மீண்டும் இடமில்லை. அந்தச் சபை எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவருக்கே அதில் இடம். அந்த வேலியை நாம் ஏற்கவில்லை. பொதுப் பொருளைப் பங்கிடும் விதி எல்லோர் கண்ணிலும் பட வேண்டும், பங்கிட்டவன் கணக்குக் காட்ட வேண்டும் என்ற அந்த இரண்டு நெறிகளையும் ஏற்கிறோம்.

“நாளை மறுநாள் மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்ப வேண்டியவன் வரிசையில் நிற்பதா?” என்று கேட்பவர்களுக்கும் விடை உண்டு. அவசரம் உண்மையானது. அதற்கென முன்பதிவு செய்யவும் மென்பொருளில் இடம் இருக்கிறது. ஆனால் அவசரம் எழுத்தில் வரட்டும்; யாருக்கு, எதற்கு, எத்தனை மணி நேரம் என்பது எல்லோருக்கும் தெரியட்டும். சிறு சோதனைகளுக்காக ஓர் அட்டையை அரைமணி வரம்போடு தனியே ஒதுக்கட்டும். அப்போது புதியவனும் பயில்வான், மூத்தவனும் முடிப்பான்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை நான்கு. பொது சர்வர் ஒவ்வொன்றிலும் பணிவரிசை மென்பொருள் வேண்டும். முன்னுரிமை விதிகளை வகுக்கும் குழுவில் இளங்கலை, முதுகலை, ஆய்வு மாணவர் பிரதிநிதிகள் வேண்டும். அந்த விதிகளை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். எந்தத் துறை எத்தனை மணி நேரம் பயன்படுத்தியது என்ற கணக்கை மாதந்தோறும் வெளியிட வேண்டும். அந்தக் கணக்கை மென்பொருளே தரவுத்தளத்தில் எழுதி வைக்கும், எடுத்துக் காட்ட மனம்தான் தேவை.

கேட்பதோடு நிற்கவும் வேண்டாம். இரண்டு பழைய கணினிகளைக் கேட்டு வாங்குங்கள். விடுமுறையில் இதை நிறுவிப் பாருங்கள். எங்கே இடறினீர்கள், எப்படி எழுந்தீர்கள் என்பதைத் தமிழில் நான்கு பக்கம் எழுதி வையுங்கள். அடுத்து வரும் தம்பியும் தங்கையும் அதைப் படித்துத் தாமே ஒரு வேலையை வரிசையில் சேர்க்கட்டும். அவர்கள் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. தங்கள் முறை வரும் என்று நம்பி நிம்மதியாக உறங்கப் போகலாம்.