பெரிய கோயிலும் ஸ்பைரல் பைண்டிங்கும்



நம் பாலிடெக்னிக்கில் ப்ராஜெக்ட் என்றால் ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. ஆறு பேர் ஒரு குரூப். ஒருத்தன் வேலை செய்வான். ஒருத்தன் டைப்பிங் செலவுக்குக் காசு கொடுப்பான். மீதி நாலு பேர் வைவா அன்றைக்குத்தான் "தலைப்பு என்னடா?" என்று கேட்பார்கள். சீனியர் ரிப்போர்ட்டில் பேரை மாற்றி, செல்போனில் கிடைத்ததை நடுவில் ஒட்டி, ஸ்பைரல் பைண்டிங் போட்டால் வேலை முடிந்தது! இந்தச் சம்பிரதாயம் நமக்கு வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

சிவில் பிரிவில் எங்கள் குரூப் எடுத்த தலைப்பு தஞ்சைப் பெரிய கோயிலின் கட்டுமானம். முதலாம் ராஜராஜ சோழன் எடுத்த கோயில், 1010-இல் முடிந்தது. இன்று மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள தேசியச் சின்னம். 1987-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. "இதில் புதுசா எழுத என்ன இருக்கு? எல்லாம்தான் எழுதியாச்சே!" என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். எழுதியாச்சு, சரி. பார்த்து எழுதினார்களா?

நாங்கள் புரட்டிய பழைய ரிப்போர்ட் எல்லாவற்றிலும் மூன்று வரி தவறாமல் இருந்தது. விமானத்தின் நிழல் தரையில் விழாது. உச்சியில் இருப்பது 80 டன் ஒரே கல். உயரம் 216 அடி.

முதலில் நிழல். காலையிலோ மாலையிலோ போய் நின்றால் பிரகாரத் தரையில் நிழல் நீளமாக விழுந்து கிடக்கிறது. நம்பாதவர்கள் பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள்! உச்சி வெயிலில், அதுவும் சூரியன் தலைக்கு நேரே வரும் மாதங்களில், நிழல் அதன் சொந்த அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அடி சுமார் 30 மீட்டர் அகலம், மேலே போகப்போகக் குறுகும் வடிவம். முதலாம் ஆண்டில் படித்த முக்கோணக் கணக்கே இதற்குப் போதும்.

அடுத்தது உச்சிக் கல். அது ஒரே கல் இல்லை, பல துண்டுகளைச் செதுக்கிப் பொருத்தியது என்று ஆய்வு செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இதை ரிப்போர்ட்டில் எழுதலாமா கூடாதா என்று எங்களுக்குள் பெரிய சண்டை. "80 டன்னை எடுத்துட்டா கோயில் பெருமை குறைஞ்சிடும், மார்க்கும் குறைஞ்சிடும்" என்றான் ஒருவன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அக்கம்பக்கத்தில் ஒரு கருங்கல் பாறைகூட இல்லாத வண்டல் பூமி தஞ்சாவூர். அங்கே வெளியூரிலிருந்து கல் கொண்டுவந்து, சாந்து பூசாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, உள்ளே கூடாக விட்டு, பதிமூன்று நிலை எழுப்பியிருக்கிறார்கள். ஆயிரம் வருஷமாக நிற்கிறது! இதைவிடப் பெருமை என்ன வேண்டும்? உண்மையே இவ்வளவு பெரிசாக இருக்கும்போது அதற்குக் கட்டுக்கதை எதற்கு?

மூன்றாவது உயரம். 216 அடி என்றால் சுமார் 66 மீட்டர். அளந்து எழுதிய நூலிலோ 60 மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆறு மீட்டர் வித்தியாசம் என்பது இரண்டு மாடி, நண்பர்களே! ஒரு குச்சியும் டேப்பும் எடுத்துக்கொண்டு போய், குச்சியின் நிழலையும் விமானத்தின் நிழலையும் ஒரே நேரத்தில் அளந்து, அடித்தளத்தின் பாதியையும் சேர்த்துக் கணக்குப் போட்டோம். 60-க்குப் பக்கத்தில்தான் வந்தது. துல்லியம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் அது எங்கள் கணக்கு. வைவாவில் எவர் கேட்டாலும் பதில் சொல்ல முடிந்தது.

இன்னொரு சேதி. இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதே ஒரு காலத்தில் ஊருக்கு மறந்துபோயிருந்தது. வேறு ஏதேதோ ராஜா பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1886-இல் ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் கல்வெட்டைப் படித்த பிறகுதான் ராஜராஜன் பெயர் உறுதியானது. பதில் எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. எண்ணூறு வருஷத்துக்கு மேலாகச் சுவரிலேயே இருந்தது. பக்கத்தில் நின்று படிக்கத்தான் ஆள் இல்லை.

அந்தச் சுவரில் ராஜா பெயர் மட்டுமா இருக்கிறது? பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர் இருக்கிறது. நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் இருக்கிறது. தையல்காரர், கன்னார், நாவிதர், வண்ணார், கணக்கர் என்று கோயில் வேலைக்காரர்களின் பங்கும் வெட்டியிருக்கிறது. ஆனால் கல் சுமந்தவர் பெயரை நான் அதில் காணவில்லை.

இது எனக்கு ஏன் உறைத்தது தெரியுமா? எங்க அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். நாங்கள் வரைந்த படத்தை அப்பாவிடம் காட்டினேன். "சுவரு ரெண்டு அடுக்கா இருக்கு, மேல போகப்போக உள்ளுக்குத் தள்ளித் தள்ளி வச்சிருக்கான். வெயிட்டு நேரா கீழ எறங்குதுல்ல, பின்ன எப்படி விழும்?" என்றார். அமுக்குவிசை என்று நாம் இரண்டு பக்கம் எழுதுவதை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஆனால் ரிப்போர்ட்டில் அவர் பெயரைப் போடக் கூடாதாம்! "புத்தகம், கட்டுரை மட்டும்தான் ஆதாரம். கொத்தனார் சொன்னதெல்லாம் கணக்கில் வராது" என்று சொல்லிவிட்டார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கல்லில் ஏறிய தச்சன் பெயர், நம் ஸ்பைரல் பைண்டிங்கில் ஏற முடியாதா? நம் ஊரில் ஒரு பஸ் ஸ்டாண்டு கட்டினாலும் திறந்துவைத்தவர் பெயர்தானே பளிங்கில் மின்னுகிறது!

மாணவர் பேரவைக்கும் துறைகளுக்கும் என் கோரிக்கை மூன்று. ஒன்று, ஒவ்வொரு ப்ராஜெக்டிலும் மாணவர்கள் தாங்களே அளந்த அளவு ஒன்றாவது கட்டாயம் இருக்கட்டும். இரண்டு, தொழில் தெரிந்த கொத்தனார், தச்சர், வெல்டர் சொன்னதைப் பெயரோடு ஆதாரமாக ஏற்கட்டும். மூன்று, முடியாததை முடியவில்லை என்று எழுத அனுமதிக்கட்டும். பெரிய கோயில் மேல்தளத்தில் 108 கரணச் சிற்பங்களில் 81 மட்டுமே முடிந்திருக்கின்றன. மீதிக் கல் வெறுமையாகவே இருக்கிறது. அதற்காக அந்தக் கோயிலை யாரும் ஃபெயில் ஆக்கவில்லையே!

ஜூனியர் தம்பி தங்கைகளே, எங்கள் ரிப்போர்ட் நூலகத்தில் இருக்கிறது. தயவுசெய்து காப்பி அடிக்காதீர்கள். குச்சியும் டேப்பும் எடுத்துக்கொண்டு போய், எங்கள் கணக்கு தப்பா சரியா என்று பாருங்கள். தப்பு என்றால் தைரியமாக எழுதுங்கள். எங்களுக்கு அதுதான் சந்தோஷம்!

– மூன்றாம் ஆண்டு, சிவில்