உப்புக் காற்றும் பழைய மோட்டாரும்

தூத்துக்குடியில் வீட்டுக் கொட்டகையிலேயே பழைய மோட்டார் வண்டியைப் புதுப்பிக்க முனையும் அன்பர்களுக்கு முதற் சத்துரு, உப்பளங்களைத் தடவி வரும் கடற்காற்றேயாகும். உப்பு ஈரத்தை இழுக்கும். உப்பீரம் பட்ட இரும்பு விரைவில் துருவேறும். மேலே வர்ணம் மினுமினுக்க, அடியில் சாஸி அப்பளமாய் நொறுங்கும்!

1961 முதல் சுமார் பத்தாண்டுக் காலம் சென்னையில் உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டியைப் பாருங்கள். அதன் உருவத்தை வகுத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். உடற்பகுதிகள் தனித்தனியே சாஸியின்மீது போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டவை. முன்மூடி முழுவதும், சக்கரக் காப்புகளோடு சேர்ந்து, முன்னோக்கித் திறக்கும். வீட்டில் வேலை செய்பவருக்கு இத்தனை இணக்கமான வண்டி கிடைப்பதரிது. ஆயினும் துருவை வெட்டியெறிந்து, பழைய அளவிலேயே புதுத் தகடு பற்றவைக்காமல் வர்ணம் பூசுவது புண்ணுக்குப் புனுகு பூசுவதே.

அதன் 948 சி.சி. எஞ்சினைக் கழற்றிவிட்டு நவீன எஞ்சின் பொருத்த இளைஞர்கள் ஆசைப்படுகிறார்கள். வேகம் கூடும், வாஸ்தவம். ஆனால் 2021-ஆம் வருஷத்து மத்திய சர்க்கார் விதிகளின்படி, முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்த வண்டிக்கு ‘வி.ஏ.’ என்னும் விசேஷப் பதிவு உண்டு. சாஸி, உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாறுதல் செய்திருந்தால் அது கிட்டாது. பெற்றாலும், நித்தியப் பிரயாணத்துக்கு அவ்வண்டியை உபயோகிக்கலாகாது. அப்படியிருக்க வேகம் எதற்கு? தேய்ந்த எஞ்சினையே பழுது பார்க்கலாம் என்போம். கடற்கரைச் சாலைக்குப் போய்வந்த அன்றே வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவி, நன்கு உலர்ந்த பின்னரே படுதா போடுங்கள்.