தாலிக்கு முன்னாடி கையெழுத்து

சித்தி பொண்ணு கல்யாணத்துக்கு மலேசியா, கிள்ளான் போயிருந்தேன். பதிவு ரெண்டு வாரம் முன்னாடியே முடிஞ்சிருந்தது. உடனே இங்கிருந்து வந்த நம்ம சொந்தங்களுக்கு ஒரே நக்கல். "தாலி ஏறுமுன்ன கையெழுத்தா? அபசகுனம்!"

மக்களே, அங்கே அது சட்டம். 1976-ல் இயற்றி, 1982 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்த சட்டப்படி, இந்துக் கல்யாணம் பதிவாளர் முன்னால நடக்கணும். தாலி மட்டும் போதாது. ஒருத்தனுக்கு ஒருத்திதான்னும் அதே சட்டம் சொல்லுது.

நம்ம லட்சணம் என்ன? தமிழ்நாட்டிலும் 2009-லயே கட்டாயப் பதிவுச் சட்டம் வந்தாச்சு. 90 நாள் கெடு. ஆனா வீடியோவுக்கு லட்ச ரூபாய் கொட்டுற மாப்பிள்ளைக்கு சார்பதிவாளர் ஆபீஸ் ஞாபகம் வர்றது எப்போ? பொண்டாட்டிக்கு விசா போடும்போதுதான்! என் டீம்லயே ரெண்டு பேர் அப்படி.

நாளைக்கு அவன் "இவ என் பொண்டாட்டியே இல்ல"ன்னு கைகழுவினா, அந்தப் பொண்ணு கல்யாண ஆல்பத்தையும் பத்திரிகையையும் தூக்கிட்டு கோர்ட்டுக்கு அலையணும். காகிதம் இருந்தா ஒரே வரியில் முடியற விஷயம்.

தாலி புனிதம்னு வசனம் பேசுற மாமாக்களே, பேசுங்க, வேண்டாங்கல. முதல்ல உங்க பொண்ணுக்கு அந்த ஒத்தைக் காகிதத்தை வாங்கிக் கொடுங்க. சகுனமெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.