டெல்லியிடம் கேட்கும் நீதி கல்வராயன்மலைக்கு எப்போது?

மத்திய வரிப் பகிர்வில் தமிழ்நாட்டுக்கு அநீதி இழைக்கப்படுகிறது என்ற குறையில் கட்சி வேறுபாடு அதிகம் இல்லை. 13வது நிதி ஆணையம் தந்த பங்கு 4.969%. 14வது ஆணையத்தில் அது 4.023% ஆகச் சரிந்தது; 15வது ஆணையம் 4.079% என்று தொட்டுக்கொள்ளும் அளவுக்கு உயர்த்தியது. பணம் வந்தாலும் அதற்குப் பின்னால் நிபந்தனைகள் வருகின்றன. 2024-25இல் பள்ளிக் கல்விக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய், வேறொரு திட்டத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்பதற்காக நிறுத்தப்பட்டபோது, தமிழ்நாடு கோபப்பட்டதில் முழு நியாயம் இருந்தது. 1969இல் ராஜமன்னார் குழு, 2025இல் நீதியரசர் குரியன் ஜோசப் குழு என்று மத்திய - மாநில உறவை ஆராய இரண்டு தலைமுறைகளில் குழு அமைத்த மாநிலம் இது. நம் வாதத்தின் சாரம் இரண்டுதான்: வெறும் தலைக்கணக்கை வைத்துப் பங்கு பிரிக்காதே, கொடுக்கும் பணத்தில் கயிறு கட்டாதே. இந்த இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே கல்வராயன்மலைக்கு ஏறினால், அங்குள்ள ஊராட்சிகள் இதே வாதத்தைச் சென்னையை நோக்கி வைக்கலாம் என்பது தெரியும். வைத்தால் நம்மிடம் பதில் இருக்கிறதா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

கல்வராயன்மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. ஒரு பக்கம் சேலம் மாவட்டத்திலும் மறுபக்கம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் கிடக்கிறது. கள்ளக்குறிச்சிப் பக்கம் வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு தனி ஊராட்சி ஒன்றியமும் தனி வட்டமும் இயங்குகின்றன. மக்களில் மிகப் பெரும்பான்மையினர் மலையாளி பழங்குடியினர். நாடு விடுதலை பெற்ற பிறகும் 1976 வரை இந்த மலை மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. கீழே ஐந்தாண்டுத் திட்டங்கள் ஐந்து வந்துவிட்ட காலம் வரை மேலே ஜாகீர் நடந்தது என்றால், சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் எவ்வளவு தாமதமாகத் தொடங்கியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, கல்வராயன்மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கெடுத்தது. ஒரு மலையின் சாலை வசதியை நீதிமன்றம் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது என்றால், அதைக் கேட்டுப் பெறும் வலு அந்த மலையின் ஊராட்சிகளுக்கு இல்லை என்றுதான் பொருள்.

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் பக்கத்தில் வந்தது உண்மையான நன்மை; மலையிலிருந்து விழுப்புரம் போய்வந்த சிரமம் குறைந்தது. ஆனால் அதே மாதத்தை ஒட்டி நடந்த இன்னொன்றை யாரும் கொண்டாடவில்லை. ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்திருந்தது. 2019 டிசம்பரில் மற்ற மாவட்டங்கள் வாக்களித்தபோது, புதிதாகப் பிரிக்கப்பட்ட, பிரிவினையால் எல்லை மாறிய ஒன்பது மாவட்டங்கள் வார்டு மறுவரையறை முடியவில்லை என்பதற்காக ஒதுக்கிவைக்கப்பட்டன. அவற்றில் கள்ளக்குறிச்சியும் ஒன்று. அங்கே வாக்குப்பதிவு நடந்தது 2021 அக்டோபரில். ஆக, முழுதாக ஐந்தாண்டு, அதாவது ஒரு தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் மொத்த ஆயுட்காலம், அரசு நியமித்த தனி அலுவலர்களின் கையில் கழிந்தது. நிர்வாகத்தைப் பிரித்துக் கீழே கொண்டுவந்த அதே நடவடிக்கை, மக்களின் மன்றத்தை மேலும் ஈராண்டு தள்ளிப்போட்டது. மாவட்டம் பிரிப்பதையும் அதிகாரம் பகிர்வதையும் ஒன்றாக எண்ணிக்கொள்வது நம் அரசியலின் பழைய பழக்கம்.

இதற்கும் நிதிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நேரடித் தொடர்பு உண்டு. மத்திய நிதி ஆணையத்தின் உள்ளாட்சி மானியம் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களுக்கே உரியது. தேர்தல் நடக்காத காரணத்தால் 14வது நிதி ஆணையக் காலத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய மானியம் நிறுத்திவைக்கப்பட்டது. இந்த நிபந்தனை அநியாயமானதல்ல; ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்பது அரசமைப்பின் 243இ பிரிவு இட்ட கட்டளை. ஆனால் தேர்தலை நடத்தத் தவறியது ஒருவர், தண்டனை இன்னொருவருக்கு. பணம் நின்றதும் சென்னைக்கு ஒன்றும் ஆகவில்லை. சொந்த வருவாய் இல்லாத ஊராட்சிகள்தாம் திணறின. வேறு வருவாய் உள்ள ஊராட்சி மானியம் தாமதமானால் சமாளித்துக்கொள்ளும். தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடம் போன்ற பகுதிகளில் வீட்டு வரி, தொழில் வரி என்று கையில் காசு புரளும். மலை ஊர்களான வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் அப்படி எதுவும் இல்லை.

இனி பங்கீட்டைப் பார்ப்போம். தமிழ்நாட்டைப் பாராட்டித்தான் தொடங்க வேண்டும். பல மாநிலங்கள் மாநில நிதி ஆணையத்தை அமைக்கவே ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கும்போது, 1994 முதல் தொடர்ந்து ஆணையங்களை அமைத்துவருகிறது நம் மாநிலம். சொந்த வரி வருவாயில் நிகரமாக 10% உள்ளாட்சிகளுக்குப் போகிறது. சிக்கல் அந்த 10% எப்படிப் பிரிகிறது என்பதில் இருக்கிறது. ஒவ்வொரு ஊராட்சிக்கும் சமமாக ஒரு அடிப்படைத் தொகை. அதற்கு மேல் பிரிப்பதில் தலைக்கணக்குக்கே பெரும்பங்கு. சமவெளியில் மக்கள் நெருங்கி வாழும் ஊராட்சிக்கு இது பொருந்தலாம். கல்வராயன்மலையில் ஒரே ஊராட்சிக்குள் பல குக்கிராமங்கள் மேட்டிலும் பள்ளத்திலுமாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு குக்கிராமத்தில் நாற்பது வீடு இருந்தாலும் அதற்குத் தனி ஆழ்துளைக் கிணறு, தனி மோட்டார், தனித் தொட்டி, தனித் தெருவிளக்குக் கம்பி வேண்டும். நானூறு வீட்டுக்குப் போடும் அதே மோட்டாரை நாற்பது வீட்டுக்கும் போட வேண்டும். ஜல்லி, சிமென்ட், கம்பி எல்லாம் மலை ஏறும்போதே விலையும் ஏறிவிடும். தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடும் சூத்திரத்துக்கு இது எதுவும் தெரியாது.

சூத்திரத்துக்குத் தெரியாத இன்னொன்று காடு. 14வது நிதி ஆணையம் மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்கையில் வனப்பரப்புக்கு 7.5% எடை தந்தது. 15வது ஆணையம் வனமும் சூழலும் என்று அதை 10% ஆக்கியது. காட்டைக் காப்பதால் வருவாய் வாய்ப்பை இழக்கும் மாநிலத்துக்கு ஈடு செய்ய வேண்டும் என்பதே அதன் தர்க்கம். அந்த எடைக்காகத் தமிழ்நாட்டுக்குக் கிடைக்கும் பணத்தில் கல்வராயன் காட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் பணம் சென்னைக்கு வந்து சேர்ந்ததும் தர்க்கம் மறைந்துவிடுகிறது. மாநிலத்துக்குள் ஊராட்சிகளுக்குப் பிரிக்கும்போது காட்டுக்குத் தனி எடை கிடையாது. கோமுகி ஆறு இந்த மலையில்தான் பிறக்கிறது. கச்சிராயபாளையம் அருகே கோமுகி அணை நிறைந்தால் கீழே நெல்லும் கரும்பும் விளைகின்றன. சர்க்கரை ஆலை ஓடுகிறது. தண்ணீரைத் தரும் மேட்டு ஊருக்கு அந்தக் கணக்கில் ஒரு காசு வரவில்லை. நீலகிரிக்கு மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் தனித் திட்டம் இருந்தது. கிழக்குத் தொடர்ச்சி மலை அந்தப் பட்டியலுக்குள் வரவே இல்லை.

வந்து சேரும் பணத்திலும் எத்தனை கயிறு! ஒரு சாதாரண கிராம ஊராட்சியின் வங்கிக் கணக்குகளைப் பார்த்தாலே போதும். நீண்டகாலமாகத் தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கு மூன்று கணக்குகள் என்பது வழக்கம். முதலாவது பொது நிதி. இரண்டாவது மின்கட்டணத்துக்கும் கூட்டுக் குடிநீர்க் கட்டணத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. மாநில மானியத்தின் ஒரு பகுதி நேரே அதில் விழுந்து, மின் வாரியத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் போய்விடும். மூன்றாவது திட்ட நிதி. மேலே முடிவான வேலைக்கு மேலே முடிவான தொகை. 15வது நிதி ஆணைய மானியத்திலும் 60% குடிநீர், துப்புரவு என்று கட்டப்பட்டதே. மிஞ்சுவது முதல் கணக்கு. தூய்மைப் பணியாளர், தொட்டி இயக்குநர் ஊதியம், எரிந்துபோன மோட்டாரின் காயில் கட்டும் செலவு, தெருவிளக்கு பல்பு எல்லாம் அதிலிருந்துதான். ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து குக்கிராமத்துப் பாதை அடைபட்டால், அதை மன்றமே தீர்மானித்து உடனே செப்பனிட அந்தக் கணக்கில் என்ன இருக்கும்?

சட்டம் தந்த அதிகாரமும் இதே கதைதான். 1996இல் வந்த பழங்குடிப் பகுதி ஊராட்சிச் சட்டம் அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தும். தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை. ஆகவே பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் கல்வராயன்மலை ஊராட்சியும், சமவெளியில் உள்ள எந்த ஊராட்சியும் சட்டத்தின் கண்ணில் ஒன்றே. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஓரளவு கை கொடுக்கிறது. அதன் 3(2) பிரிவின்படி சாலை, பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய் உள்ளிட்ட 13 வகைத் தேவைகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வன நிலத்தைக் கேட்டுக் கிராம சபை பரிந்துரைக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் நிலம் கேட்கும் உரிமை பெற்ற சபையிடம் சாலை போடும் பணம் இல்லை. பணம் வைத்திருக்கும் துறைக்குக் கிராம சபையின் முன்னுரிமை கட்டாயம் இல்லை.

பழங்குடியினருக்கு அரசு ஏற்கெனவே நிறையச் செலவிடுகிறதே என்பது முதல் மறுப்பு. உண்மைதான். ஒருங்கிணைந்த பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்டத்தில் கல்வராயன் பல ஆண்டுகளாக இருக்கிறது. உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. 2024இல் தொல்குடித் திட்டத்துக்கு நான்கு ஆண்டுகளில் 1,000 கோடி என்று மாநில அரசு அறிவித்தது. அதே ஆண்டு பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான நிதியை வேறு செலவுக்குத் திருப்பாமல் காக்கச் சட்டமும் வந்தது. இவை எதையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இவை துறை வழியாகப் பாயும் பணம். எந்தக் குக்கிராமத்துக்குப் பாதை முதலில், எந்தப் பள்ளிக்குக் கழிப்பறை முதலில் என்பதை முடிவு செய்பவர் அந்த மலையின் வாக்காளருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். கல்விக்கான பணத்தை டெல்லி தன் விருப்பப்படி செலவிடச் சொன்னால் நாம் ஏற்கிறோமா?

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. ஊராட்சிக்குப் பணம் போனால் ஊழல் போகும். மலை ஊராட்சிகளில் கணக்கெழுதக்கூட ஆள் இல்லை. தனி அலுவலர் காலத்தில் வேலை ஒழுங்காக நடந்தது என்பார்கள். ஊராட்சிகளில் ஊழல் இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் கடிவாளம் அரசின் கையில் போதிய அளவு இருக்கிறது. காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும், தணிக்கை உண்டு, 1994 ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவு தலைவரைப் பதவி நீக்கும் அதிகாரத்தை ஆட்சியருக்குத் தந்திருக்கிறது. தனி அலுவலர் காலத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவரே ஒன்றியத்தின் அத்தனை ஊராட்சிகளுக்கும் தலைவராகிறார். செலவு செய்பவரும் அவர், கிராம சபையில் பதில் சொல்பவரும் அவர். அவரைத் தேர்தலில் தோற்கடிக்க முடியாது. திறன் இல்லை என்பதற்குத் தீர்வு, ஓர் ஊராட்சிச் செயலரை வைத்துக்கொண்டு பொறியாளர் வேலையையும் கணக்கர் வேலையையும் எதிர்பார்ப்பதை நிறுத்துவது. மலை ஒன்றியங்களுக்கு ஒரு பொறியாளரையும் ஒரு கணக்கரையும் பொதுவாகத் தருவது பெரிய செலவல்ல.

சொந்தமாக வரி வசூலிக்காத ஊராட்சிக்கு ஏன் கூடுதல் தர வேண்டும் என்றும் கேட்கிறார்கள். வரி முயற்சியை ஊக்குவிக்க வேண்டியதுதான். மரவள்ளியும் சாமையும் விளைவித்துக் கடுக்காய் பொறுக்கி வாழும் குடும்பத்தின் ஓட்டு வீட்டுக்கு எவ்வளவு வரி போட முடியும் என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. மாநிலங்களுக்குப் பிரிக்கும்போது 15வது நிதி ஆணையம் வருமான இடைவெளிக்கு 45% எடை தந்தது, வரி முயற்சிக்கு 2.5%தான். அந்த 45 எடையால்தான் நமக்கு இழப்பு. ஏழை மாநிலங்களுக்குக் கூடுதலாகப் போவது குறித்து நமக்கு வருத்தமும் உண்டு. அந்த வருத்தத்தில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால் ஒரே மாநிலத்துக்குள், ஒரே அரசின் கீழ், ஒரகடத்துக்கும் வெள்ளிமலைக்கும் இடையே அந்தச் சமன்பாட்டைச் செய்ய மறுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஆறாவது மாநில நிதி ஆணையத்தின் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. அடுத்த ஐந்தாண்டுக்கான பங்கீட்டில் வனப்பரப்புக்கும், சிதறிய குடியிருப்புக்கும், பழங்குடி மக்கள்தொகைக்கும் தனி எடை சேர்ப்பதற்கு அரசமைப்புத் திருத்தமோ டெல்லியின் அனுமதியோ தேவையில்லை. ஆணையம் பரிந்துரைத்து மாநில அரசு ஒப்புக்கொண்டால் போதும். பழங்குடித் திட்ட நிதியில் ஒரு பகுதியை நிபந்தனை இல்லாமல் மலை ஊராட்சிகளின் முதல் கணக்கில் சேர்ப்பதும் அப்படியே. அதற்கு முன்னதாக வருவது தேர்தல். 2021 அக்டோபரில் பதவியேற்ற கள்ளக்குறிச்சி ஊராட்சிகளின் ஐந்தாண்டு 2026 அக்டோபரில் முடிகிறது. 2019இல் வாக்களித்த மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். மறுவரையறை, இடஒதுக்கீடு, வழக்கு என்று எந்தக் காரணமும் காட்டாமல், கல்வராயன்மலையில் தனி அலுவலர் நாற்காலியில் அமரும் நாள் வராதபடி தேர்தல் தேதியை மாநில அரசும் மாநிலத் தேர்தல் ஆணையமும் அறிவிக்க வேண்டும்.