38-ஆம் இடமும் பாவுக்குக் காத்திருக்கும் தறியும்

உலக வங்கி 2023-இல் வெளியிட்ட சரக்குப் போக்குவரத்துத் தரவரிசையில், 139 நாடுகளில் இந்தியாவுக்கு 38-ஆம் இடம். 2018-இல் 44. "ஆறு படி ஏறிவிட்டோம் சார்!" என்று வாட்ஸ்அப்பில் இன்னமும் எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த நண்பர்களைக் கேட்கிறேன். 2014-இல் நாம் 54. 2016-இல் 35. 2018-இல் 44. இரண்டே வருடத்தில் 19 படி ஏறி, அடுத்த இரண்டு வருடத்தில் 9 படி இறங்க, நம் துறைமுகங்கள் என்ன ஏணியா? சாலையும் துறைமுகமும் அவ்வளவு வேகமாக மாறாது. மாறுவது அபிப்பிராயம்தான்.

அந்த மதிப்பெண்ணே அபிப்பிராயம்தான். சுங்கம், உள்கட்டமைப்பு, கப்பல் ஏற்பாடு, சேவைத் திறமை, சரக்கு எங்கே இருக்கிறது என்று அறியும் வசதி, நேரந்தவறாமை என்று ஆறு தலைப்புகள். வெளிநாடுகளில் சரக்கு அனுப்பும் தொழிலில் இருப்பவர்கள் நமக்கு 1 முதல் 5 வரை போடுகிறார்கள். என் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று எதிர்வீட்டுக்காரரைக் கேட்பது மாதிரி.

கண்ணெதிரே ஒரு சாட்சி இருக்கிறது. மதுரவாயல் – சென்னைத் துறைமுகம் பறக்கும் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டினார்கள். 2012-இல் வேலை நின்றது. கூவத்தில் தூண்கள் மொட்டையாக நின்றன. 2022-இல் மறுபடியும் அடிக்கல். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஏற்றுமதிச் சரக்குக்கு உதவ வேண்டிய சாலை அது. தூண்கள் நின்ற இடத்திலேயே நிற்க, நம் தரவரிசை மட்டும் 54-லிருந்து 35-க்கு ஏறியது!

அளப்பதே வீண் என்று நான் சொல்லவில்லை. 2023 அறிக்கையிலேயே நல்ல உதாரணம் ஒன்று உண்டு. சரக்கைக் கண்காணிக்கும் முறை வந்த பிறகு, விசாகப்பட்டினத்தில் சரக்கு தங்கும் காலம் 2015-இல் இருந்த 32.4 நாளிலிருந்து 2019-இல் 5.3 நாளாகக் குறைந்ததாம். அது அபிப்பிராயம் அல்ல, எண்ணிப் பார்த்த நாள். நாளை எண்ணினால் நாள் குறையும்.

பட்டு வியாபாரக் கணக்கு எழுதியே ஓய்வுபெற்றவன் நான். கச்சாப் பட்டு கர்நாடகத்திலிருந்து வரவேண்டும், சரிகை சூரத்திலிருந்து வரவேண்டும். இரண்டில் ஒன்று தாமதமானாலும் பாவு கிடைக்காது. பாவு இல்லாத தறிக்குக் கூலி கிடையாது. வெளிநாட்டுக்குப் போகும் சேலை வழியில் தங்கினால் பணமும் தங்கும். அந்தத் தாமதமும் கடைசியில் நெசவாளி தலையில்தான் விடியும். இந்த நாட்களை எந்த அட்டவணையில் எழுதியிருக்கிறார்கள்? மத்திய வர்த்தக அமைச்சகம் 2018 முதல் மாநிலங்களுக்கும் ஒரு மதிப்பீடு போடுகிறது. அதில் தமிழ்நாடு இருக்கும், பிள்ளையார்பாளையம் இருக்காது.

2022-இல் வந்த தேசியச் சரக்குப் போக்குவரத்துக் கொள்கை, 2030-க்குள் முதல் 25 நாடுகளில் ஒன்றாக வேண்டும் என்கிறது. ஆகட்டும், சந்தோஷம். ஆனால் மார்க்குக்காக மட்டும் படிக்கிற பிள்ளை பாடத்தைக் கோட்டைவிடும். சுங்கத்தில் கம்ப்யூட்டர் வைத்தால் மார்க் ஏறலாம். துறைமுக வாசலுக்கு வெளியே லாரி வரிசையில் நிற்கும் வரை நெசவாளிக்கு என்ன லாபம்?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. காஞ்சிபுரத்தில் ஏற்றிய சரக்கு கப்பலேற எத்தனை நாள், பாவுக்காகத் தறி எத்தனை நாள் சும்மா கிடந்தது என்ற இரண்டு கணக்கை மாதாமாதம் எழுதி, கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒட்டட்டும். அந்த எண்கள் குறைந்த பிறகு 38-ஐப் பற்றிப் பேசுவோம்.