இரைச்சல் நீங்கினால் போதுமா?

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து கைப்பேசியில் அழைப்பவரின் குரல், வண்டிகளின் ஒலியோடும் நடத்துநர்களின் கூவலோடும் கலந்தே நம் செவியை எட்டுகிறது. கலந்ததைக் கணக்கினால் பிரிக்கும் கலை இன்று நன்கு வளர்ந்துள்ளது. 1979இல் ஸ்டீவன் போல் வகுத்த நிறமாலைக் கழித்தல் முறை எளியது. பேச்சு இல்லாத இடைவெளியில் இரைச்சலை அளந்து, பேச்சுள்ள பகுதியிலிருந்து அதனைக் கழிப்பதே அது. 1965இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட விரைவு ஃபூரியே மாற்றம் இத்தகைய கணக்குகளைச் சிறு கருவிக்கும் இயல்வதாக்கிற்று. 256 ஒலிமாதிரிகளுக்கு நேர்வழியில் 65,536 பெருக்கல்கள் வேண்டும். விரைவு வழியில் ஏறத்தாழ 2,000 போதும். செவித்துணைக் கருவியின் சிறு மின்கலத்திற்கு இச்சிக்கனம் இன்றியமையாதது.

ஆயினும் விரைவு வேறு, தெளிவு வேறு. மின்விசிறியின் சீரான ஒலி கழித்தலுக்கு அடங்கும். கூட்டத்தின் கூச்சல் எளிதில் அடங்காது. அதுவும் பேச்சே அன்றோ! திருவரங்கத்து ஆயிரங்கால் மண்டபம் போன்ற கல்மண்டபங்களில் பேசுவோரின் குரலே எதிரொலித்து வந்து அவரது அடுத்த சொல்லை மறைக்கக்கூடும். கழிப்பதற்கு அங்கே அயலொலி ஏது?

2007இல் ஹூ, லோய்சோ ஆகிய ஆய்வாளர்கள் எட்டு முறைகளை ஆங்கிலத் தொடர்களைக் கொண்டு சோதித்தனர். கேட்டோருக்குச் சொற்கள் விளங்குவது பெரும்பாலும் கூடவில்லை. செவிக்கு இதமாவது ஒன்று, சொல் விளங்குவது மற்றொன்று என்பதை இது காட்டுகிறது. நரம்பியல் வலைப்பின்னல்கள் இன்று அப்பழைய முறைகளை விஞ்சியுள்ளன என்பது மெய்யே. எனினும் அவை எம்மொழி ஒலிகளைக் கொண்டு பயின்றன என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

ஒலி, ஒளி, ஒழி என்னும் மூன்றையும் பிரிப்பது ஒரே மெய். ழகரத்தை ஒலிக்கையில் மூன்றாம் ஒலிமுகடு தாழ்ந்து இறங்கும்; அந்நுட்பம் சிதைந்தால் பொருளே மாறிவிடும். நம் இல்லங்களில் வழங்கும் 'ஃபஜ்ரு', 'ஸலாம்' ஆகியவற்றின் முதலொலிகளோ இயல்பிலேயே காற்றின் சீறல் போன்றவை. ஆராயாத கணக்கு அவற்றையும் இரைச்சலென்று கருதித் துடைத்துவிடும். விற்பனைக்கு வரும் கருவியைத் தமிழ்ச் செவியால் சோதிக்காமல் 'தெளிவானது' என ஏற்பது முறையன்று என்பதே நம் கருத்து.

இது பொறியியலார் மட்டும் செய்யும் பணியன்று. தொல்காப்பியப் பிறப்பியல் பயின்ற தமிழ் மாணவர்க்கே எவ்வொலி எதனோடு மயங்கும் என்பது நன்கு தெரியும். அவர்கள் சொற்பட்டியல் தொகுக்கட்டும். இயற்பியல், கணினித்துறை மாணவர்கள் சத்திரத்திலும் திருவரங்கத்திலும் இரைச்சலைப் பதிவு செய்யட்டும். செவித்துணைக் கருவி அணிந்த நம் பெரியவர்கள் கேட்டுச் சொல்லட்டும். முதற்கட்டமாக நூறு சொற்களை எடுத்துக்கொள்ளலாம்.