நம் வரிப்பணம், யாருடைய மாடி?

நெருக்கமாக வாழ்வது எனக்குப் புதிதல்ல. வடசென்னையில் ஒரு ஹவுசிங் போர்டு வீட்டில் வளர்ந்தவன் நான். ஒரே அறையில் ஆறு பேர். எங்கள் நெருக்கத்துக்கு அன்று ‘ஸ்லம்’ என்று பெயர். மெட்ரோ பாதையையொட்டி எழும் முப்பது மாடிக்கு இன்று ‘வளர்ச்சி’ என்று பெயர்.

மாடி உயர்வதை நான் எதிர்க்கவில்லை. கிராமத்தைப் போற்ற வேண்டும் என்ற வாதத்தை 1948இல் அரசியல் நிர்ணய சபையிலேயே நிராகரித்தார் அம்பேத்கர். ‘நீ எந்தத் தெரு?’ என்று கேட்காத கூட்டம் நகரத்தில்தான் சாத்தியம். ஆனால் அந்த நகரத்துக்குள் இருக்க யாருக்கு அனுமதி?

2019 கட்டட விதிகளின்படி உயரமான கட்டடங்களுக்கு எஃப்.எஸ்.ஐ. 3.25. அதாவது மனையின் பரப்பைப் போல மூன்றேகால் மடங்கு கட்டலாம். கட்டணம் செலுத்தினால் இன்னும் கூடுதலாகவும் கட்டலாம். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். அது நம் வரி, நம் பெயரில் வாங்கும் கடன். ரயில் நிலையம் வந்ததும் மனை விலை ஏறுகிறது. அந்த ஏற்றம் மனை வைத்திருப்பவருக்கே போகிறது. தலைமுறைகளாக நிலம் மறுக்கப்பட்டவர்களுக்கு அதில் என்ன பங்கு?

அவர்களுக்குக் கிடைத்தவை கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். வேலை இங்கே, வீடு அங்கே. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, பல இடங்களில் மக்கள் வாழ்ந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தரப்பட்டது. நகரின் நடுவிலேயே ஏழைகளுக்குக் கட்ட முடியும் என்பது அரசுக்கு அன்றே தெரியும்.

இன்னொன்று. மாடி கூடினால் கழிவும் கூடும். பழைய குழாய் தாங்காமல் அடைத்துக்கொண்டால் எந்தச் சாதி மனிதரைக் கூப்பிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். 2013இல் தடைச் சட்டம் வந்தது. சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது. சாவு நிற்கவில்லை என்பதுதான் அதன் பொருள்.

எனவே இரண்டு கோரிக்கைகள். பொதுப் பணம் பாயும் ஒவ்வொரு வழித்தடத்திலும், அங்கே ஏற்கெனவே வாழும் உழைக்கும் மக்களுக்கு அதே இடத்தில் வீடு வேண்டும். புதிய குழாயும் அடைப்பெடுக்கும் இயந்திரமும் முதலில் வரட்டும். கூடுதல் மாடிக்கான அனுமதி பிறகு.

ஊருக்கு வெளியே சேரி என்பது பழைய வரைபடம். அதை நகரத்துக்கு வெளியே பெரும்பாக்கம் என்று திருத்தி வரைய நம் வரிப்பணத்தைக் கொடுக்க முடியாது, தோழர்களே.